கட்சிக்காரர் யார்? சித்தூர், திருப்பதி உள்ளாட்சி வழக்குகள்

திருப்பதி நகராட்சி 2007 மார்ச்சில் மாநகராட்சி ஆனது. மாநகராட்சி மன்றத்துக்கு முதல் தேர்தல் நடந்தது 2021 மார்ச்சில். நடுவே 14 ஆண்டுகள் மேயரும் கிடையாது, மன்றமும் கிடையாது. தனி அலுவலரின் ஆட்சி. அதற்காக வழக்குகள் நின்றுபோய்விடவில்லை. வரி, கட்டட அனுமதி, சாலை விரிவாக்கம், கடை ஏலம் என்று மாநகராட்சியை எதிர்மனுதாரராகச் சேர்த்து ரிட் மனுக்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஸ்டாண்டிங் கவுன்சில் வகாலத்து போட்டார், கமிஷனர் கவுண்டரில் கையெழுத்துப் போட்டார். ஓட்டு வாங்கி வந்த ஒருவருடைய கருத்து அந்தக் கட்டுகளில் ஏற வழியே இல்லை.

ஆந்திராவின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கடந்த சில ஆண்டு உள்ளாட்சி வழக்குகளைச் சேர்த்துப் படித்தால் ஒரே சந்தேகம் மறுபடி மறுபடி எழுகிறது. நகராட்சிக்காக, ஊராட்சிக்காக ஆஜராகும் வக்கீல் உண்மையில் யாருக்காக வாதாடுகிறார்? அரசாணை போட்டது அமராவதி. தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். பணத்தைப் பிடித்து வைத்திருப்பது நிதித்துறை. திருப்பதியைப் பொறுத்தவரை மலை மேல் தேவஸ்தானம் வேறு. இத்தனை பேர் எடுத்த முடிவுகளுக்கும் நீதிமன்றத்தில் பெயர் கொடுத்து நிற்பது உள்ளாட்சி. வழக்குகள் பல வகை. அவற்றின் அடியில் இருக்கும் சிக்கல் பெரும்பாலும் இது ஒன்றுதான்.

இந்த மண்ணின் உள்ளாட்சிச் சட்ட வரலாறு தமிழ் வாசகருக்கு அந்நியமானதல்ல. திருப்பதி நகராட்சி 1886இல் அமைந்தது, சென்னை மாகாணத்தின் 1884ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில். சித்தூர் மாவட்டமே 1911இல் வடஆர்க்காட்டிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்து உருவாக்கப்பட்டது. 1953 வரை வேலூருக்கும் சித்தூருக்கும் ஒரே உயர் நீதிமன்றம், ஒரே உள்ளாட்சிச் சட்டம். 1960இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. இப்போது சித்தூர்க்காரர் ஒரு ரிட் போட வேண்டுமானால் 2019 ஜனவரியிலிருந்து அமராவதியில் நடக்கும் உயர் நீதிமன்றத்துக்கு மாநிலத்தின் பாதி நீளத்தைக் கடந்து போக வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் என்றால் மட்டும் பழையபடி சென்னைதான். தென்மண்டல அமர்வு அங்கே இருக்கிறது.

தேர்தலிலிருந்து தொடங்கலாம். சட்டம் அதிகம் புரண்டது அங்கேதான்.

2020 மார்ச் 2 அன்று ஆந்திர உயர் நீதிமன்றம் உள்ளாட்சி இடஒதுக்கீட்டை ரத்து செய்தது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர் எல்லாம் சேர்ந்து 59.85 விழுக்காடு என்று அரசு நிர்ணயித்திருந்தது. கே. கிருஷ்ணமூர்த்தி வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு வைத்த 50 விழுக்காடு வரம்பை அது தாண்டியது. பிற்பட்டோர் பங்கு 34இலிருந்து 24.15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, அவசர அவசரமாக வேட்புமனு வாங்கத் தொடங்கினார்கள். 2021இல் விகாஸ் கிஷன்ராவ் கவாலி வழக்கு இன்னும் இறுக்கியது: தனி ஆணையம், உள்ளாட்சி வாரியான தரவு, 50 விழுக்காடு வரம்பு ஆகிய மூன்றும் இருந்தால்தான் பிற்பட்டோர் ஒதுக்கீடு நிற்கும். அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் முதல் வழக்கு இந்தத் தரவின் மேல்தான் வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. எதிர்மனுதாரர் வரிசையிலோ ஊராட்சிகளின் பெயரும் ஏறும்.

2020 மார்ச் 15 அன்று கொரோனாவைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையர் நிம்மகட்டா ரமேஷ் குமார் தேர்தலைத் தள்ளிவைத்தார். அரசு உச்ச நீதிமன்றம் போனது; தள்ளிவைத்ததில் நீதிமன்றம் தலையிடவில்லை. ஏப்ரலில் அவசரச் சட்டம் ஒன்று வந்து ஆணையரின் பதவிக்காலத்தை ஐந்தாண்டிலிருந்து மூன்றாண்டாகச் சுருக்கியது. அவர் இடத்துக்கு வந்தவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி வி. கனகராஜ். மே 29 அன்று உயர் நீதிமன்றம் அவசரச் சட்டத்தையே செல்லாதென்றது. பழையவர் திரும்பி வந்தார். உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் ஆணையரை நீக்கலாம் என்று 243-கே பிரிவு சொல்கிறது. பதவிக்காலத்தை வெட்டினால் நீக்கியதாகாது என்பது அரசின் கணக்கு. அந்தக் கணக்கு எடுபடவில்லை.

சித்தூர் இந்தச் சண்டையின் நடுக்களமானது. 2021 பிப்ரவரி ஊராட்சித் தேர்தலில் சித்தூர், குண்டூர் மாவட்டங்களில் போட்டியின்றி வென்றவர்களை அறிவிக்க வேண்டாம் என்று ஆணையர் நிறுத்திவைத்தார். அப்போது ஊராட்சித் துறை அமைச்சர், புங்கனூர் தொகுதிக்காரரான பெத்திரெட்டி ராமச்சந்திர ரெட்டி. ஆணையரின் உத்தரவுக்குப் பணியும் அதிகாரிகளை எச்சரித்து அவர் பேசியதும், தேர்தல் முடியும்வரை அவரை வீட்டை விட்டு வெளியே விடாதீர்கள் என்று போலீஸ் தலைவருக்கு உத்தரவு போனது. அமைச்சரை வீட்டுக்குள் அடைக்கும் அதிகாரம் தேர்தல் ஆணையருக்கு உண்டா? உயர் நீதிமன்றம் மறுநாளே அந்தப் பகுதியை நீக்கியது. ஊடகத்தில் பேசக் கூடாது என்ற தடையை அப்போதைக்கு விட்டுவைத்தது. அடுத்த மாதம் புங்கனூர் நகராட்சியின் 31 வார்டுகளும் போட்டியின்றி முடிந்தன. ஒரு நகராட்சியில் ஒரு வார்டில்கூட வாக்குப்பெட்டி தேவைப்படவில்லை என்பது ஜனநாயகத்தின் ஒற்றுமையைக் காட்டுகிறதா, வேறெதையாவது காட்டுகிறதா என்பதை விசாரிக்கும் கருவி நம் தேர்தல் சட்டத்தில் இல்லை. தேர்தல் நடுவே நீதிமன்றம் தலையிடாமல் 243-இசட்.ஜி. பிரிவு தடுக்கிறது. முடிந்தபின் போடும் தேர்தல் மனுவோ, பெரும்பாலும் பதவிக்காலம் தீரும்போதுதான் தீர்கிறது.

மண்டல், ஜில்லா பரிஷத் தேர்தல் இன்னும் விசித்திரம். 2021 ஏப்ரல் 8 அன்று வாக்குப்பதிவு. நான்கு வார நடத்தை விதிக்காலம் கடைப்பிடிக்கப்படவில்லை என்று மே 21 அன்று தனி நீதிபதி முழுத் தேர்தலையும் ரத்து செய்தார். செப்டம்பர் 16 அன்று இருவர் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது. 19 அன்று வாக்கு எண்ணினார்கள். ஐந்து மாதம் பூட்டிய அறையில் கிடந்த பெட்டிகள் அவை.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய நம் உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பெரும்பாலான ஊரகப் பகுதிக்கு 2019 டிசம்பர் வரை, நகரப் பகுதிக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருந்தோம். பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்று நகராட்சிகளுக்கான 243-யு பிரிவு சொல்கிறது. கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006இலும், சுரேஷ் மகாஜன் வழக்கில் 2022இலும் உச்ச நீதிமன்றம் அதையே அழுத்திச் சொன்னது. வார்டு வரையறை முடியவில்லை என்பது சாக்காகாது என்பது இரண்டாவது தீர்ப்பின் சாரம். 2021 மார்ச்சில் அமர்ந்த ஆந்திர நகர மன்றங்களின் ஐந்தாண்டு 2026 மார்ச் வரைதான்.

மன்றம் அமர்ந்துவிட்டாலும் வழக்கு ஓய்வதில்லை. திருப்பதியில் 2021இல் தேர்தல் நடந்த 49 வார்டுகளில் 48 ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸுக்கு. 2025 பிப்ரவரியில் அதே மன்றம் தெலுங்கு தேசம்காரரைத் துணைமேயராகத் தேர்ந்தெடுத்தது. முதல் நாள் கவுன்சிலர்கள் வந்த பேருந்து தாக்கப்பட்டது, கோரம் இல்லாமல் கூட்டம் ஒத்திப்போனது. அந்த வன்முறையைப் பற்றிச் சுப்பிரமணியன் சுவாமி உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். குப்பம் நகராட்சித் தலைவர் பதவியும் 2025 ஏப்ரலில் கைமாறியது. நாடாளுமன்றம், சட்டமன்றங்களுக்கான பத்தாவது அட்டவணை உள்ளாட்சிக்குப் பொருந்தாது. அதற்குப் பதில் ஆந்திராவில் கொறடா உத்தரவை மீறினால் உறுப்பினர் பதவி போகும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. கொறடா உத்தரவு உரியவர் கையில் சேர்ந்ததா, தலைமை தாங்கிய அதிகாரி முறைப்படி முடிவெடுத்தாரா என்பதுதான் வழக்கமான சர்ச்சை. இங்கே நகராட்சி வக்கீலின் நிலைமை தர்மசங்கடம். மன்றத்தில் ஆளுக்கொரு அணி. ஒரு அணி இன்னொரு அணியின் மேல் வழக்குப் போடும்போது ‘மாநகராட்சி’ எந்த அணி?

எல்லைப் பிரச்சினையை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஆனால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது; கூடூர், சூளூர்ப்பேட்டைப் பக்கங்கள் நெல்லூரிலிருந்து வந்து சேர்ந்தன. மாவட்டம்தான் பிரிந்தது, ஜில்லா பரிஷத் பிரியவில்லை. மாநிலம் முழுக்கப் பழைய 13 ஜில்லா பரிஷத்துகளே தொடரும் என்று முடிவானது. ஆகவே கலெக்டர் திருப்பதியில், பரிஷத் சித்தூரிலும் நெல்லூரிலும். அடுத்தது ஊராட்சி இணைப்பு. சுற்றுவட்டார ஊராட்சிகளைச் சேர்த்துப் பெரிய திருப்பதி அமைக்கும் யோசனை வெகுநாளாக உலவுகிறது. சேர்ந்தால் வரி ஏறும், ஊரக வேலைத் திட்டம் போகும். எனவே கிராமசபைத் தீர்மானம் இருந்ததா, ஆட்சேபம் கேட்டார்களா என்று ரிட் வரும். ரிட் வந்தால் தேர்தல் நிற்கும். 2021இல் மற்ற நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தபோது காளஹஸ்தி ஒதுங்கி நின்றது.

பணத்துக்கு வருவோம். 2021 மார்ச் 25 தேதியிட்ட இரண்டாம் எண் அரசாணை, கிராமச் செயலகத்தின் மேல் சர்பஞ்சுக்கு இருந்த அதிகாரத்தில் பெரும்பகுதியை வருவாய்த்துறையின் கிராம அலுவலரான வி.ஆர்.ஓ.விடம் கொடுத்தது. ஊராட்சித் தேர்தல் முடிந்து முழுதாக ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு, மத்திய நிதிக்குழு மானியம் ஊராட்சிக் கணக்குகளில் விழுந்ததும் மின்கட்டண பாக்கிக்கு எடுக்கப்பட்டுவிட்டது என்று சர்பஞ்சுகள் தெருவுக்கு வந்தார்கள். தென் மாவட்டங்களின் மின் விநியோக நிறுவனத்துக்குத் தலைமையகமே திருப்பதிதான். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்சாரம் வாங்கிய கடன் ஊராட்சியுடையது, மறுக்க முடியாது. ஆனால் தீர்மானம் இல்லாமல், காசோலை இல்லாமல் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் தன் பாக்கியை எடுத்துக்கொள்ள முடியுமா என்பது தனிக் கேள்வி. வங்கியில் சாதாரணக் குடிமகனுக்கு உள்ள பாதுகாப்புகூட ஊராட்சிக்கு இல்லை என்றுதான் தோன்றுகிறது.

ஒப்பந்ததாரர் வழக்குகள் இன்னொரு மலை. 2019க்கு முன் நூறு நாள் வேலைத் திட்டத்தில் போட்ட சிமெண்ட் சாலைகளுக்கு ஆட்சி மாறியதும் பில் நின்றது. 2021 அக்டோபர் 5 அன்று 12 விழுக்காடு வட்டியோடு கொடுங்கள் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலையை அளந்து எம்-புக்கில் ஏற்றியாயிற்று, அந்தச் சாலையில் டிராக்டரும் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘விஜிலன்ஸ் விசாரணை நிலுவையில்’ என்று அரசு கவுண்டர் போடச் சொல்கிறது. வேலையைப் பார்த்து மெச்சிய அதே ஊராட்சிக்காக வக்கீல் அந்த வரியைப் படிக்க வேண்டும்.

வரி விஷயத்தில் யார் யாரைத் தள்ளினார்கள் என்பது கொஞ்சம் தெளிவாகவே தெரிகிறது. 2020 மே மாதம் மாநிலங்கள் கூடுதலாகக் கடன் வாங்க மத்திய அரசு அனுமதித்தபோது, அதில் ஒரு பகுதிக்கு நகர உள்ளாட்சிச் சீர்திருத்தத்தை நிபந்தனையாக வைத்தது. சொத்துவரி அரசின் வழிகாட்டி மதிப்போடு ஒட்டிப்போக வேண்டும், சேவைக்குக் கட்டணம் வசூலிக்க வேண்டும். ஆந்திரா அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, வாடகை மதிப்பை விட்டுச் சொத்தின் மூலதன மதிப்புக்கு மாறியது. ஆண்டு உயர்வுக்கு 15 விழுக்காடு உச்சவரம்பு. கடன் மாநிலத்துக்கு, வசவு நகராட்சிக்கு. 2021இல் வீடுவீடாகக் குப்பைக் கட்டணம் வந்தது. ஆட்சி மாறி 2024இல் சட்டத்தைத் திருத்தி அதை எடுத்தார்கள். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளோ கட்டணம் வசூலியுங்கள் என்று உள்ளாட்சியைக் கட்டாயப்படுத்தின. விதிப்படி வசூலித்தால் மாநிலச் சட்டத்துக்கு விரோதம், வசூலிக்காவிட்டால் விதிக்கு விரோதம். எந்த வக்கீலிடம் கருத்துக் கேட்டாலும் இரண்டு பக்கத்துக்கு மழுப்பலாகத்தான் எழுதித் தருவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

திருப்பதிக்கு மட்டும் உரிய சிக்கல் மலை. திருமலையில் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சி கிடையாது. சுகாதாரம், கடை உரிமம், சாலை, தண்ணீர் எல்லாம் தேவஸ்தானத்தின் பொறுப்பு. 1987ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் கீழ் அரசு நியமிக்கும் அறங்காவலர் குழுவும் நிர்வாக அதிகாரியும் பார்க்கிறார்கள். மலையில் கடை வைத்திருப்பவருக்குச் சட்டமன்றத்துக்கு ஓட்டு உண்டு, தெருவைப் பெருக்கும் அமைப்புக்கு ஓட்டு இல்லை. கீழே நகரத்தின் கதை வேறு. லட்சக்கணக்கில் வந்துபோகும் பக்தர்களின் குப்பையையும் கழிவுநீரையும் சுமப்பது மாநகராட்சி. உண்டியல் மலை மேலே.

இந்த மனக்குறைதான் 2023இல் வழக்கானது. தேவஸ்தானத்தின் ஆண்டு பட்ஜெட்டில் ஒரு விழுக்காட்டை நகர வளர்ச்சிக்குக் கொடுப்பது என்று அந்த அக்டோபரில் அறங்காவலர் குழு தீர்மானித்தது. பட்ஜெட் அப்போது 4,400 கோடி ரூபாய் அளவில் இருந்ததால், ஆண்டுக்குச் சுமார் 44 கோடி. குழுவின் தலைவர் பூமன கருணாகர ரெட்டி, அதே நேரத்தில் திருப்பதி எம்.எல்.ஏ.; அவர் மகன் மாநகராட்சியின் துணைமேயர். மாநில அரசே தீர்மானத்தை ஏற்கவில்லை. பக்தர் காணிக்கையை நகரத் துப்புரவுக்குச் செலவிடக் கூடாது என்று பொதுநல மனு வந்தது. டிசம்பரில் பணத்தை விடுவிக்க உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

எனக்கு இதில் இரு பக்கமும் நியாயம் தெரிகிறது என்று சொல்லித் தப்பிக்க விருப்பமில்லை. காணிக்கை மத நோக்கத்துக்கானது என்ற வாதம் சட்டப்படி வலுவானது. தீர்மானம் போட்ட விதமும், போட்டவர்களின் உறவும் அதற்கு மேலும் வலு கொடுத்தன. ஆனால் கோவிலுக்கு வரும் கூட்டத்தால் ஏற்படும் செலவை நகரவாசியின் வீட்டுவரியில் ஏற்றுவதும் நியாயமில்லை. தீர்வு தானத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. செய்த சேவைக்கு இவ்வளவு கட்டணம் என்று கணக்குப் போட்டு மாநகராட்சி தேவஸ்தானத்துக்குப் பில் அனுப்பினால் அதை நீதிமன்றத்தில் நிறுத்திக் காட்டுவது எளிது. தீர்மானம் வேண்டி நின்றால் அடுத்த குழு மாற்றிவிடும்.

அன்றாடத்தில் வக்கீலின் மேஜையை நிறைப்பது இவை எதுவும் அல்ல, கட்டடம். தரை தளத்துக்கு மேல் மூன்று மாடிக்கு அனுமதி, எழுவது ஐந்து. கீழே வாகன நிறுத்தம் என்று வரைபடத்தில் காட்டிய இடத்தில் லாட்ஜின் வரவேற்பறை. மாநகராட்சிச் சட்டத்தின் 452ஆம் பிரிவில் முதல் நோட்டீஸ், விளக்கம் வந்தபின் 636ஆம் பிரிவில் இறுதி உத்தரவு. வழக்கு தோற்பது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். நோட்டீஸ் இறந்துபோன தகப்பனார் பெயரில் போயிருக்கும். விளக்கம் தபாலில் வந்த தேதிக்கு முந்தைய தேதியில் இறுதி உத்தரவு இருக்கும். ‘விளக்கத்தைப் பரிசீலித்து மீண்டும் உத்தரவிடுக’ என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பும். அதற்குள் ஆறாவது மாடிக்குக் கம்பி கட்டியாகிவிடும்.

2024இல் உச்ச நீதிமன்றம் ஒரு மாத இடைவெளியில் இரண்டு தீர்ப்புகளைத் தந்தது. நவம்பர் 13: பதிவுத் தபாலில் நோட்டீஸ், கட்டடத்திலும் ஒட்ட வேண்டும், 15 நாள் அவகாசம், நேரடி விசாரணை, மீறினால் அதிகாரியின் சொந்தப் பணத்தில் இழப்பீடு. டிசம்பர் 17, ராஜேந்திர குமார் பர்ஜாத்யா வழக்கு: விதிமீறிய கட்டடத்துக்குக் கருணை கூடாது, பணிநிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பும் கூடாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண் இல்லை. முறைப்படி நடந்துகொள், முறைப்படி இடி என்பதுதான். ஆனால் மாநில அரசு 2007, 2015, 2019 என்று அபராதம் கட்டி முறைப்படுத்தும் பி.பி.எஸ். திட்டத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் ஊரில், அடுத்த திட்டம் வரும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்பது கட்டுகிறவருக்குத் தெரியும். நகராட்சி வக்கீல் இன்று சட்டவிரோதம் என்று வாதாடிய கட்டடத்துக்கு நாளை அதே நகராட்சி ரசீது கொடுக்கும்.

நீர்நிலை ஆக்கிரமிப்புக்கு அந்த 15 நாள் பாதுகாப்பு கிடையாது. 2021 நவம்பர் மழையில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் புரண்டது. ராயலசெருவுக் கரையில் கசிவு கண்டு கீழே இருந்த ஊர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். ஏரி, கால்வாய், மேய்ச்சல் நிலம் போன்ற ஊர்ப் பொது நிலத்தை மீட்டு ஊராட்சியிடம் ஒப்படைப்பது மாநில அரசின் கடமை என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011இலேயே தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் கால்வாய் வருவாய்த்துறைப் பதிவேட்டில் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று கேட்டால் நகராட்சியிடம் பதில் இராது. தாசில்தாரிடம் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆறுகளின் கதையும் அதுவே. சித்தூரின் நீவா நதி எல்லை தாண்டினால் பொன்னை ஆறு, பிறகு பாலாறு. மேலே ஒரு மாநகராட்சியின் சாக்கடையைச் சுத்திகரிக்காமல் விட்டால் கீழே குடிப்பவர் ராணிப்பேட்டைக்காரர். அவர் சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் சித்தூர் மன்றத்தில் அவருக்கு ஓட்டு இல்லை.

தோற்றபின் வருவது கண்டெம்ப்ட். ஊராட்சிக் கட்டடங்களுக்கு ஆளுங்கட்சிக் கொடியின் வண்ணம் பூசச் சொன்ன அரசாணையை 2020 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு அதே வண்ணங்களோடு செம்மண் நிறத்தையும் சேர்த்துப் புது ஆணை போட்டது. அதுவும் ரத்து; ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. பூசியதும் அழித்ததும் பொதுப்பணம். பள்ளி வளாகங்களில் கிராமச் செயலகங்களைக் கட்டக் கூடாது என்ற உத்தரவு நிறைவேறாததால் 2022 மார்ச் 31 அன்று நீதிபதி பட்டு தேவானந்த், எட்டு ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு இரண்டு வாரச் சிறை விதித்தார்; மன்னிப்புக் கேட்டதும் மாதம் ஒரு ஞாயிறு நலவிடுதியில் சேவை என்று மாற்றினார். செயலகத்தைப் பள்ளியில் கட்டலாமா என்று எந்தக் கிராமசபையையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் நடுவில் நிற்கும் வக்கீலை நியமிப்பது மன்றம் அல்ல, அரசு. 2024 ஜூனில் ஆட்சி மாறியதும் அட்வகேட் ஜெனரலே ராஜினாமா செய்தார். அரசு வக்கீல்கள், ஸ்டாண்டிங் கவுன்சில்கள் வரிசை அடியோடு மாறியது. வழக்கம்தான், எந்தக் கட்சியையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாதி நடந்த வழக்கின் கட்டு அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரும்போது பல சமயம் அதில் பத்திவாரிக் குறிப்புகூட இருப்பதில்லை. இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் கண்காணிப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். மன்றமோ அதிகாரியோ சட்டவிரோதமாக எதையாவது செய்யப் போனால் மன்றத்துக்கே எழுத்தில் அறிக்கை வைப்பது அவர் கடமை. வைத்தால் மன்றம் கூடி அதை ஆராயும்வரை அந்த முடிவு நிற்கும். நம் 73, 74ஆம் திருத்தங்கள் மன்றத்துக்கு ஆயுளையும் இடஒதுக்கீட்டையும் கொடுத்தன, நிதிக்குழுவைக் கொடுத்தன. சட்ட ஆலோசகரைக் கொடுக்கவில்லை.

பெரிய திருத்தம் எதுவும் இல்லாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நகராட்சியோ ஊராட்சியோ எதிர்மனுதாரராக உள்ள வழக்கில் கமிஷனரோ செயலரோ கவுண்டர் தாக்கல் செய்யும்போது, அந்த விஷயத்தில் மன்றத் தீர்மானம் உண்டா, இல்லையா, உண்டானால் அதன் நகல், இல்லையானால் யாருடைய உத்தரவின் மேல் இந்தப் பதில் எழுதப்படுகிறது என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லலாம். உயர் நீதிமன்றத்தின் ரிட் விதிகளிலேயே இதைச் சேர்க்கலாம். புங்கனூரிலும் குப்பத்திலும் அந்தப் பத்தியை நிரப்ப உட்காரும் குமாஸ்தா முதலில் தீர்மானப் புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.